ரோமாபுரிக்கு அப்பால்

இத்தாலி என்றவுடன் நமக்கு என்ன ஞாபகம் வருகிறது? ரோமாபுரியின் பழைய கோலோசியம், வெனிஸ் நகரத்துப் படகுகள், பைஸாவின் சாய்ந்த கோபுரம். போய் வந்தவர்கள் ஆசையாய்க் காட்டும் படங்களிலும் இவைதான் இருக்கும். படத்தில் நிற்கும் மனிதர் மட்டும் மாறுவார். பின்னால் நிற்கும் கோபுரம் மாறாது! அந்தக் கோபுரத்தைத் தம் கையால் தாங்கிப் பிடிப்பதுபோல் நின்று படம் எடுத்துக்கொள்ளாதவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இத்தனை கூட்டத்தையும் இடிபாட்டையும் சகித்துக்கொண்டு ஊர் திரும்பியவர்களிடம், "எப்படி இருந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். "நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கால் வலிதான் மிச்சம்" என்பார்கள்.

அந்தத் தேசத்திலேயே வேறொரு இத்தாலி இருக்கிறது. மலை உச்சியில் கல் வீடுகள். நடுவில் ஒரு மாதாகோயில். அதன் முன்னால் சிறிய சதுக்கம். சதுக்கத்தில் ஒரு பெஞ்சு. பெஞ்சில் இரண்டு கிழவர்கள். இந்த மாதிரி ஊருக்கு அவர்கள் பாஷையில் 'போர்கோ' என்று பெயர். இவற்றில் தேர்ந்தெடுத்த ஊர்கள் சேர்ந்து, 'இத்தாலியின் மிக அழகிய கிராமங்கள்' என்று 2001-ல் ஒரு சங்கமே ஆரம்பித்திருக்கின்றன. முந்நூற்றுக்கு மேற்பட்ட ஊர்கள் அதில் அங்கம். அவற்றில் மூன்று ஊர்களுக்கு இப்போது நாம் போய் வரலாம், வாருங்கள்.

புறப்படுமுன் ஒரு விஷயம். இந்தக் கிராமங்கள் ஐந்நூறு, அறுநூறு வருஷத்துக்கு முன் இருந்தபடியே இருப்பதைப் பார்த்து எல்லோரும் வியக்கிறார்கள். "என்ன ரசனை! எப்படிப் போற்றிப் பாதுகாத்திருக்கிறார்கள்!" என்கிறார்கள். பல ஊர்களில் உண்மை அதுவல்ல. கையில் பணம் இருந்திருந்தால் அவர்களும் இடித்துக் கட்டியிருப்பார்கள். பணமும் இல்லை, நாளடைவில் மனிதர்களும் இல்லை. அதனால்தான் பழைய வீடு பழைய வீடாகவே நின்றுவிட்டது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் அந்த அழகு இன்னொரு விதமாகத் தெரியும்.

பாலத்துக்கு அந்தப் பக்கம்

ரோமாபுரியிலிருந்து வடக்கே ஏறக்குறைய 120 கிலோமீட்டரில் இருக்கிறது சிவிதா தி பன்யோரேஜோ. ரயிலில் ஒர்வியெத்தோ வரை சென்று, அங்கிருந்து பஸ்ஸில் பன்யோரேஜோ போகலாம். அந்த ஊரைத் தாண்டி நடந்தால் திடீரென்று பூமி காணாமல் போய்விடுகிறது! எதிரே பெரும் பள்ளத்தாக்கு. அதன் நடுவில் தனியாக ஒரு குன்று. குன்றின் தலையில், தட்டில் வைத்த பலகாரம் மாதிரி ஒரு சின்னஞ்சிறு ஊர். அதற்குப் போக ஒரே வழிதான் உண்டு. 1965-ல் கட்டிய, சுமார் 300 மீட்டர் நீளமுள்ள நடைபாலம். மோட்டார் கார் போகாது. மூட்டை முடிச்சுகளைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டியதுதான்.

ரோமானியர்களுக்கு முன்னால் இத்தாலியில் வாழ்ந்த எட்ரஸ்கர்கள் 2,500 வருஷத்துக்கு முன்பே இங்கே குடியேறியவர்கள். ஊர் நிற்பது எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான பாறையின் மேல். அந்தப் பாறைக்கு அடியிலோ வெறும் களிமண். மழையும் ஓடைகளும் களிமண்ணைக் கரைக்கக் கரைக்க, மேலே உள்ள பாறை பாளம் பாளமாகப் பிளந்து விழுகிறது; பாறையோடு வீடுகளும் விழுகின்றன. 1695-ல் வந்த பூகம்பத்துக்குப் பிறகு, மேற்றிராணியாரும் நகர அதிகாரிகளும் பத்திரமான எதிர்க் கரைக்குக் குடிபெயர்ந்தார்கள். ஜனங்களும் மெல்ல மெல்லப் பின்தொடர்ந்தார்கள்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித பொனவெந்தூரா என்ற பிரான்சிஸ்கன் சந்நியாசி இங்கே பிறந்தவர். கிறிஸ்தவ உலகமெங்கும் புகழ் பெற்ற ஞானி. அவர் பிறந்த வீட்டைப் பார்க்கலாம் என்று ஆவலோடு போனால், அந்த இடத்தில் ஆகாயம்தான் இருக்கிறது. வீடு எப்போதோ பள்ளத்தில் விழுந்துவிட்டது. அவர் பெயரையே தமக்கும் கொண்டவர், அதே பன்யோரேஜோவைச் சேர்ந்த பொனவெந்தூரா தெக்கி என்ற எழுத்தாளர். அவர் சிவிதாவுக்கு 'இறந்துகொண்டிருக்கும் ஊர்' என்று பெயர் வைத்தார். கேட்கவே மனம் கஷ்டப்படுகிறதல்லவா? ஆனால் அந்தப் பெயரால்தான் ஊர் பிரபலமாயிற்று!

பாலத்தில் ஏற 2013-ல் ஒன்றரை யூரோ கட்டணம் வைத்தார்கள். "நம் ஊருக்குள் வர டிக்கெட்டா? யார் வருவார்கள்?" என்று எண்ணியவர்களும் உண்டு. நடந்தது நேர்மாறு. டிக்கெட் வாங்கிப் பார்க்கும் ஊர் என்றதும் கூட்டம் இன்னும் பெருகிற்று. வருஷத்துக்குப் பல லட்சம் பேர். பிற்பாடு கட்டணம் ஐந்து யூரோவாக உயர்ந்தது.

பகல் முழுவதும் பாலத்தில் திருவிழாக் கூட்டம். ஆனால் வருஷம் முழுவதும் ஊருக்குள்ளேயே குடியிருப்பவர்கள் சுமார் ஒரு டஜன் பேர்தான். மாலையில் கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எல்லோரும் ஓடுகிறார்கள். அதன் பிறகுதான் ஊர் விழித்துக்கொள்கிறது. பூனைகள் சதுக்கத்துக்கு வருகின்றன. ஜன்னல் தொட்டிகளில் இருக்கும் செடிகளுக்கு யாரோ தண்ணீர் ஊற்றுகிறார்கள். சிறு விடுதியில் அறை எடுத்து ஓர் இரவு தங்கியவர்களுக்குத்தான் இந்தக் காட்சி. பகலில் வந்து போனவர்கள் பார்த்தது கூட்டத்தை. இரவு தங்கியவர்கள் பார்ப்பது ஊரை.

பருப்பு விளையும் மலை

அடுத்தபடி கிழக்கே போவோம். ரோமிலிருந்து பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் அப்ருட்ஸோ மாகாணத்தின் தலைநகரான லாக்விலா வந்துவிடும். அங்கிருந்து மோட்டாரில் மலை ஏற வேண்டும். 1,250 மீட்டர் உயரத்தில் இருக்கிறது சாந்தோ ஸ்தெஃபானோ தி செஸ்ஸானியோ. பெயர்தான் இவ்வளவு நீளம். ஊரை அரை மணியில் சுற்றி வந்துவிடலாம்.

ஊர் வாசலில் ஒரு சின்னம் செதுக்கியிருக்கிறது. ஃபிளாரன்ஸ் நகரத்துப் பிரபுக்களான மெதிச்சி குடும்பத்தின் முத்திரை அது. மைக்கலாஞ்சலோ போன்ற மகா சிற்பிகளை ஆதரித்த குடும்பம்! அவர்களுக்கு இந்த மலைக் காட்டில் என்ன வேலை? ஆட்டு ரோமம்தான் வேலை. சாயம் போடாமலே கறுப்பாக இருக்கும் இந்தப் பக்கத்து முரட்டுக் கம்பளிக்குச் சந்நியாசிகளின் அங்கிக்கும் சிப்பாய்களின் உடுப்புக்கும் நல்ல கிராக்கி. 1579-ல் மெதிச்சிகள் இந்தப் பகுதியை விலைக்கே வாங்கிவிட்டார்கள். சுமார் 160 வருஷம் அவர்கள் கையில் இருந்தது.

ஆட்டு மந்தைக்குக் குளிர்காலத்தில் மலையில் புல் கிடையாது. ஆகவே இலையுதிர் காலம் வந்ததும் ஆண்களெல்லாம் ஆடுகளை ஓட்டிக்கொண்டு தெற்கே புலியா சமவெளிக்கு நடப்பார்கள். லாக்விலாவிலிருந்து ஃபோஜா வரை 244 கிலோமீட்டர் நீளத்துக்கு ஆடுகளுக்கென்றே ஒரு ராஜபாட்டை இருந்தது. வசந்த காலம் முடியும் தறுவாயில்தான் திரும்பி வருவார்கள். வருஷத்தில் பாதி நாள் ஊரில் பெண்களும் குழந்தைகளும் கிழவர்களும்தான். வயல், விறகு, தண்ணீர், நெசவு, பிள்ளைகளின் ஜுரம், பனியில் அடைத்துப்போன வாசல் எல்லாவற்றையும் பெண்கள்தான் சமாளித்தார்கள். 2019-ல் யுனெஸ்கோ இந்த மந்தைப் பயணத்தை உலகப் பாரம்பரியங்களில் ஒன்றாகப் பதிவு செய்தது. வீட்டிலிருந்து குடித்தனத்தைத் தாங்கியவர்களுக்கும் அதில் பாதிப் பெருமை சேரவேண்டும் என்று நமக்குத் தோன்றுகிறது.

பின்னர் கம்பளி வியாபாரம் நொடித்தது. இந்த முறை ஆண்கள் ஆடுகள் இல்லாமலே புறப்பட்டார்கள். அமெரிக்காவுக்கும் பெல்ஜியத்துக்கும் போனார்கள். 1946-ல் இத்தாலியும் பெல்ஜியமும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன: இத்தாலி ஆட்களை அனுப்பும், பெல்ஜியம் நிலக்கரி அனுப்பும். 1956 ஆகஸ்டு 8-ந் தேதி மார்சினெல் என்ற இடத்துச் சுரங்கத்தில் தீப்பிடித்து 262 பேர் மாண்டார்கள். அவர்களில் 136 பேர் இத்தாலியர்கள். அந்த 136 பேரிலும் அப்ருட்ஸோக்காரர்களே அதிகம். குடும்பம் குடும்பமாக வெளியேறியவர்களின் வீடுகள் பூட்டிக் கிடந்தன. சாந்தோ ஸ்தெஃபானோவில் 2020-ல் மிச்சமிருந்தவர்கள் 115 பேர்.

ஆனால் பருப்பு மட்டும் ஊரை விட்டுப் போகவில்லை! நம் மைசூர்ப் பருப்பின் இனந்தான். தோல் நீக்காத முழுப் பருப்பு. மிளகைவிடச் சிறியது, பழுப்புக் கறுப்பு நிறம். ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட மலை வயலில் வசந்தத்தின் ஆரம்பத்தில் விதைத்துக் கோடையில் அறுக்கிறார்கள். மெல்லிய தோல் ஆதலால் ஊற வைக்கவே வேண்டாம். பூண்டு, பிரிஞ்சி இலை, உப்பு சேர்த்து மெதுவாக வேக வைத்து, மேலே ஆலிவ் எண்ணெய் ஊற்றி, வறுத்த ரொட்டித் துண்டுகளோடு கொடுக்கிறார்கள். வெளியே குளிர் காற்று அடிக்கும்போது இதைச் சாப்பிட்டால், ரசமும் பருப்புத் துவையலும் நினைவுக்கு வந்து, நம்மவர்களுக்குக் கண்ணில் நீர் துளிர்த்தாலும் ஆச்சரியமில்லை.

அறை ஒரு தெருவில், வரவேற்பு ஒரு தெருவில்

1976-ல் இத்தாலியின் வடகிழக்கு மூலையில் ஃபிரியூலியில் ஒரு பெரிய பூகம்பம் ஏற்பட்டது. ஏறக்குறைய ஆயிரம் பேர் உயிரிழந்தார்கள். இடிந்த கிராமங்களைச் செப்பனிட்டார்கள். ஆனால் அந்த வீடுகளில் இருக்க ஆளில்லை. என்ன செய்வது? ஜான்கார்லோ தல்லாரா என்பவர் ஒரு யோசனை சொன்னார். ஹோட்டல் என்றால் ஒரே கட்டடமாக இருக்கவேண்டும் என்று யார் சொன்னார்கள்? காலியான வீடு ஒவ்வொன்றும் ஓர் அறை. பழைய அடுப்பங்கரை சாப்பாட்டுக் கூடம். கிராமத் தெருவே தாழ்வாரம். இதற்குச் 'சிதறிய விடுதி' என்று பொருள்படும் ஒரு பெயரும் வைத்தார்கள். இத்தாலியில் இப்போது பல ஊர்களில் இப்படி விடுதிகள் இருக்கின்றன.

சாந்தோ ஸ்தெஃபானோவிலும் இதுதான் நடந்தது. 1999-ல் தானியேலே கில்கிரேன் என்பவர் மோட்டார் சைக்கிளில் இந்தப் பக்கம் வந்தார். பாதி இடிந்து கிடந்த வீடுகளைக் கண்டு சொக்கிப்போய், ஒன்றன் பின் ஒன்றாக வாங்கினார். வாங்கியவர் பளிங்குத் தரை போட்டாரா? இல்லை. அடுப்புப் புகை படிந்து கறுத்த சுவரை வெள்ளையடிக்கக்கூட இல்லை! ஊர்க் கிழவிகள் சொன்ன விவரங்களைக் கேட்டுக் கட்டிலும் பெட்டியும் அந்தக் காலத்துப்படியே அமைத்து, உள்ளூர்க் கம்பளியில் தறியில் நெய்த போர்வைகளைப் போட்டார். புதுக் கட்டடம் எதுவும் எழுப்பாமல் ஊரின் தோற்றத்தைக் காப்பதாக நகரசபையும் ஒத்துக்கொண்டது.

சோதனையும் வராமல் இல்லை. 2009 ஏப்ரல் 6-ந் தேதி விடியற்காலையில் லாக்விலாவைப் பூகம்பம் உலுக்கியது. 309 பேர் மாண்டார்கள். சாந்தோ ஸ்தெஃபானோவின் அடையாளமாக நின்ற வட்டக் கோபுரம் சரிந்து விழுந்தது. ஊரார் அதை அப்படியே விட்டுவிடவில்லை. பல வருஷ வேலைக்குப் பிறகு கோபுரம் மறுபடி எழுந்து நிற்கிறது.

2020-ல் நகரசபை இன்னொரு அறிவிப்புச் செய்தது. 18 வயதிலிருந்து 40 வயதுக்குள் இருப்பவர்கள் வந்து ஐந்து வருஷமாவது குடியிருந்தால், மூன்று வருஷங்களுக்கு வருஷம் 8,000 யூரோ வரையிலும், தொழில் தொடங்க 20,000 யூரோ வரையிலும் உதவித்தொகை! பணம் கொடுத்துக் குடிவரச் சொல்லும் ஊரை நாம் எங்கே கண்டோம்? சென்னையில் முன்பணம் கொடுத்துவிட்டு வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்து நிற்கும் நமக்கு இது கனவு மாதிரி இருக்கிறது. அங்குள்ளவர்களுக்கோ, பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் வேண்டுமே என்ற கவலை.

ஸ்கான்னோ மாதர்

தெற்கே வந்தால் சுல்மோனா நகரம். லத்தீன் மகாகவி ஓவிட் பிறந்த ஊர். இங்கே பாதாம் பருப்பின் மேல் சர்க்கரைப் பாகு பூசி உருட்டும் மிட்டாய் பிரசித்தம். இத்தாலியில் கல்யாணத்துக்கு வந்தவர்களுக்கு நாம் தாம்பூலப் பை கொடுப்பதுபோல் இந்த மிட்டாயைக் கொடுக்கிறார்கள். கலர் கலரான மிட்டாய்களைக் கம்பியில் கோத்துப் பூங்கொத்தாகவும் செய்கிறார்கள்.

சுல்மோனாவில் பஸ் பிடித்தால், இரண்டு பக்கமும் செங்குத்தான பாறைச் சுவர்கள் நெருக்கும் சஜிதாரியோ மலைப் பிளவின் வழியாக வளைந்து வளைந்து ஏறி, ஸ்கான்னோவுக்கு வரலாம். 1,050 மீட்டர் உயரம். பக்கத்தில் ஓர் ஏரி. ஓரிடத்திலிருந்து பார்த்தால் அது இருதய வடிவத்தில் தெரியும்!

இதுவும் இடையர்களின் ஊர்தான். இங்கும் பெண்கள்தான் குடித்தனத்தின் தூண்கள். நிறைய மடிப்பு வைத்த கனமான கறுப்புக் கம்பளிப் பாவாடை, இறுக்கமான ரவிக்கை, தலையில் ஒரு தனி விதமான அணி. இதுதான் அவர்கள் உடை. தலையில் சும்மாடு வைத்து, அதன் மேல் இரு கைப்பிடியுள்ள செப்புக் குடத்தை ஏற்றிக்கொண்டு படிக்கட்டுத் தெருக்களில் கையை வீசி நடப்பார்களாம். நம் கிராமத்துப் பெண்மணிகள் பார்த்தால் உறவு கொண்டாடியிருப்பார்கள்.

ஹாலந்து தேசத்து ஓவியர் எஷர் 1930-ல் இந்த ஊர்த் தெருவைப் படம் வரைந்தார். பிரெஞ்சுப் புகைப்பட நிபுணர் கார்த்தியே பிரெஸ்ஸோன் 1951-ல் காமிராவுடன் வந்தார். சில வருஷங்களுக்குப் பின் மாரியோ ஜாகொமெல்லி என்ற இத்தாலியர் வந்தார். கறுப்பு உடைப் பெண்களுக்கு நடுவே ஒரு சிறுவன் கால்சட்டைப் பையில் கையை விட்டுக்கொண்டு நடந்து வரும் அவருடைய 1957-ம் வருஷத்துப் படம் நியூயார்க்கின் நவீன கலைக்கூடம் வரை போயிருக்கிறது.

அந்த உடையைத் தினந்தோறும் அணிந்த தலைமுறை மறைந்துவிட்டது. இப்போது ஆகஸ்டு 14-ந் தேதி நடக்கும் பழங்காலக் கல்யாண ஊர்வலத்தில் பார்க்கலாம். பெட்டியிலிருந்து பாட்டியின் பாவாடையை எடுத்து உடுத்திக்கொண்டு பேத்திகள் ஜோடி ஜோடியாக வருவார்கள்.

உடை பெட்டிக்குப் போனாலும் கைவேலை போகவில்லை. உருளைத் திண்டின் மேல் குண்டூசிகளைக் குத்தி, சின்னஞ்சிறு மரக் கட்டைகளில் சுற்றிய நூல்களை மாற்றி மாற்றிப் பின்னி 'லேஸ்' செய்கிறார்கள். கட்டைகள் ஒன்றோடொன்று மோதிக் கலகலவென்று சத்தம் போடும். பொற்கொல்லர்களின் கடைகளில் 'பிரெசெந்தோஸா' என்ற பதக்கத்தைப் பாருங்கள். மெல்லிய தங்கக் கம்பியில் நட்சத்திரம். நடுவில் ஒன்று அல்லது இரண்டு இருதயம். நிச்சயதார்த்தத்தின்போது பெண்ணுக்குக் கொடுக்கும் நகை. வாங்காவிட்டாலும் பரவாயில்லை, பார்க்காமல் வராதீர்கள். (இந்த வரியைக் கணவன்மார் படிக்க வேண்டியதில்லை!)

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள்

மே, ஜூன், செப்டம்பர் மாதங்கள் உத்தமம். ஆகஸ்டில் இத்தாலியர்கள் அனைவரும் ஒரே சமயத்தில் விடுமுறைக்குக் கிளம்பிவிடுவார்கள். குளிர்காலத்தில் மலைப் பாதைகளில் பனி மூடும். ஷெங்கன் விசா எடுத்துக்கொண்டால் இத்தாலிக்குள் போகலாம். தெருவெல்லாம் கல்லும் படியுமாக இருக்கும். ஆகையால் உயரக் குதிகால் செருப்பை ஊரிலேயே வைத்துவிட்டுப் போங்கள். பகல் ஒரு மணிக்குக் கடைகளைச் சாத்திவிட்டு நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். கதவைத் தட்டிப் பயனில்லை.

சைவ உணவுக்காரர்கள் பயப்பட வேண்டாம். 'சென்ஸா கார்னே' என்றால் 'இறைச்சி இல்லாமல்' என்று அர்த்தம். ஆனால் சூப்பில் இறைச்சி வேகவைத்த சாறு சேர்ப்பார்கள், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே பெயர்போன ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியில், குட்டியின் அல்லது கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த பொருளைத்தான் வழக்கமாக உறையாக ஊற்றுகிறார்கள். ஆசாரமானவர்கள் அறிந்துகொள்வது நல்லது.

முக்கியமாக, மூன்று ஊரையும் ஒரே நாளில் 'முடித்துவிட' நினைக்காதீர்கள். ஓர் ஊரில் இரண்டு இரவாவது தங்குங்கள். உள்ளூர்க் கடையில் ரொட்டி வாங்குங்கள். அரைக் கிலோ பருப்பு வாங்குங்கள். பெஞ்சில் இருக்கும் கிழவர்களுக்கு ஒரு 'புவோன் ஜோர்னோ' சொல்லுங்கள். கிழவர்கள் எழுந்து நின்று பதில் சொன்னாலும் சொல்வார்கள். நீங்கள் கொடுக்கும் வாடகையில் ஒரு வீட்டின் கூரை பழுது பார்க்கப்படும். பருப்பு விற்கும் பெண்ணின் மகன் ரோமுக்கு வேலை தேடி ஓடாமல் இருந்தாலும் இருக்கலாம்.

சாந்தோ ஸ்தெஃபானோவில் இரவில் தெருவிலே நின்று மேலே பார்த்தால், இருண்டு கிடக்கும் ஜன்னல்களுக்கு நடுவே இங்கொன்றும் அங்கொன்றுமாக விளக்கு எரியும். அவற்றில் ஒன்று நீங்கள் தங்கியிருக்கும் அறையின் விளக்காக இருக்கும். அந்த வீட்டில் பிறந்து, கடல் கடந்து போனவர்களின் பேரப் பிள்ளைகள் எந்தத் தேசத்தில் இருக்கிறார்களோ! அவர்களுக்குப் பதிலாக அந்த இரண்டு நாளும் நீங்கள் விளக்கேற்றியிருக்கிறீர்கள். ரோமாபுரியைப் பார்த்த கையோடு அங்கேயும் ஒரு நடை போய் வாருங்கள்.